குடைவரைப் பௌத்தப் பள்ளிகளுக்குப் போகிறவர்களுக்கு: கார்லே, பாஜே, அஜந்தா, கன்ஹேரி

மகாராஷ்டிரத்தில் லோனாவாலா அருகே இருக்கும் கார்லே சைத்தியம், அதாவது தூபி (அரைக்கோள வடிவ வழிபாட்டுச் சின்னம்) வைத்த கூடம், மேற்குப் பார்த்தது. காலையில் போனால் உள்ளே இருட்டுதான். பிற்பகல் 3 மணிக்கு மேல் முகப்பின் லாட வடிவச் சாளரம் வழியாக வெயில் இறங்கும், அதற்கேற்ப நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து சுமார் 350 படி. ஞாயிற்றுக்கிழமையும் சைத்ர நவராத்திரியும் வேண்டாம். குகை வாசலை ஒட்டியே ஏகவீரா தேவி கோயில் இருக்கிறது, கோலி என்ற மீனவ மக்களின் குலதெய்வம். அந்த நாட்களில் படி முழுக்கக் கூட்டம் நிற்கும், அமைதி கிடைக்காது.

நேரே தூபி வரை நடந்து, படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள் பலர். அந்தக் கூடம் வலம் வருவதற்காகக் குடையப்பட்டது. நம் ஊரில் தூங்கானை மாடம் என்கிறோமே, அதே அமைப்பு: நீண்ட கூடம், பின்கோடியில் அரைவட்டம், அங்கே தூபி. நம் கோயில் விமானங்களில் காணும் ‘கூடு’ என்ற வளைவும் இந்த முகப்புச் சாளரத்தின் வழி வந்ததுதான்.

செருப்பை வெளியே விட்டு, நுழைந்ததும் இடப்பக்கம் திரும்புங்கள். தூணுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள பாதையில், தூபி எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடந்து, பின்புறம் சுற்றி வலப்பக்கமாக வெளியே வாருங்கள். மூன்று சுற்று என்பது வழக்கம். இருபுறமும் 15, 15 தூண்கள். தலையில் யானைகள், மேலே ஆணும் பெண்ணுமாக இணைகள். தூபிக்குப் பின்னால் இருக்கும் 7 தூண்கள் மட்டும் எந்த வேலைப்பாடும் இல்லாத வெற்று எண்கோணம். அங்கே வரும்போது கண் ஓய்ந்து மனம் தூபியிடம் போகும். அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கயிறு கட்டி மறித்திருந்தால் தாண்ட வேண்டாம், தூபிக்கு முன்னால் அமர்ந்து வணங்கினால் போதும்.

கற்பூரம், ஊதுபத்தி, அகல் எதுவும் கொண்டுபோகாதீர்கள். தலைக்கு மேலே தெரியும் வளைசட்டங்கள் மரம். தூபியின் உச்சியில் உள்ள குடையும் மரம். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளாக அங்கேயே இருப்பவை. ஒரு பொறி பட்டால் திரும்பக் கிடைக்காது.

* * *

கார்லே போகிறவர்கள் பாஜேயையும் அதே நாளில் முடிக்கலாம். லோனாவாலா–புணே புறநகர் ரயில் மளவ்லியில் நிற்கும். தண்டவாளத்துக்கு ஒருபுறம் கார்லே, மறுபுறம் பாஜே. பாஜேயைக் காலையில் வையுங்கள். அதன் முகப்பு மரத்தால் ஆனது. அது அழிந்துபோனதால் கூடம் முழுசாகத் திறந்து கிடக்கிறது, வெளிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். மரக்கட்டடத்தில் கூரையின் தள்ளலைத் தாங்கக் கால்களைச் சாய்த்து நடுவார்கள். கல்லுக்கு அந்தத் தேவை இல்லாதபோதும் தச்சன் பழக்கம் அப்படியே வந்திருக்கிறது.

ஒன்று மனசை உறுத்துகிறது. சற்றுத் தள்ளி 14 சிறு தூபிகள் கூட்டமாக இருக்கும். அவை மறைந்த துறவியருக்கு எடுத்தவை, சிலவற்றில் பெயரும் பொறித்திருக்கிறது. அதில் சாய்ந்தும் ஏறியும் படம் எடுக்கிறார்கள். கல்லறையில் எப்படி நடப்போமோ அப்படி நடக்க வேண்டிய இடம் அது.

* * *

அஜந்தா திங்கள் விடுமுறை, எல்லோரா செவ்வாய் விடுமுறை. இதைக் கலந்து குழப்பிக்கொண்டு ஒரு நாளை இழப்பவர்கள் நிறைய. அஜந்தாவில் சொந்த வண்டியைச் சாலைச் சந்திப்பிலேயே விட்டுவிட்டு 4 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும். முதல் நாளே ஃபர்தாபூரில் தங்கி, 9 மணிக்குத் திறந்ததும் 1, 2, 16, 17 ஆகிய ஓவியக் குகைகளை முதலில் பாருங்கள். ஔரங்காபாத்திலிருந்து (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) வரும் பேருந்துகள் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவரை நெரிசல் இருக்காது.

உள்ளே போனதும் ஓவியத்தைத் தேடாதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா நின்றால் கண் இருட்டுக்குப் பழகி, 1-ஆம் குகையில் தாமரை ஏந்திய போதிசத்துவரான பத்மபாணி தானே தெளிந்து வருவார். டார்ச், ஃப்ளாஷ் இரண்டும் கூடாது. சுவரில் கை வைக்கவே வைக்காதீர்கள். அது மண்ணும் உமியும் நாரும் கலந்து பூசி, மேலே சுண்ணம் தடவி, காய்ந்த பிறகு தீட்டியது. ஈரச் சுண்ணத்தில் தீட்டியதுபோல நிறம் சுவரோடு ஒட்டிப்போகவில்லை. நம் மூச்சின் ஈரமே அதற்குப் பகை. உள்ளே ஆட்களை எண்ணி அனுப்புவது அதனால்தான்.

26-ஆம் குகையைக் கடைசிக்கு வையுங்கள். அங்கேயும் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும். சுமார் 7 மீட்டர் நீளத்தில் புத்தரின் பரிநிர்வாணம், அதாவது அவர் மறையும் காட்சி, அந்தப் பக்கச் சுவரில்தான் சிற்பமாக இருக்கிறது. கீழே அழும் சீடர்கள், மேலே வானோர். வலப்பக்கமாக நுழைகிறவர்களுக்கு இது கடைசியில், கால் வலிக்கும்போது வரும். பாதத்தின் பக்கம் நின்று முழு உடலையும் ஒருமுறை பாருங்கள், பிறகு முகத்தருகே போங்கள்.

* * *

மும்பையில் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் கன்ஹேரி. போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள், வாசலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். இதுவும் திங்கள் விடுமுறை. பூங்காவுக்கு ஒரு சீட்டு, குகைகளுக்குத் தனிச் சீட்டு. நூற்றுக்கு மேல் குகைகள் இருப்பதால் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காமல் 3, 11, 41, 90 என்று நான்கை வையுங்கள். 3-இல் முன்மண்டபத்தின் இரு கோடியிலும் நெடிய புத்தர்கள், உள்ளே தூபி. 11-இல் தரையோடு ஓடும் இரண்டு நீண்ட தாழ்ந்த கல்மேடைகள். பிக்குகளின் சங்கம் வரிசையாக உட்கார்ந்த இடம் என்று பார்த்ததுமே புரியும்.

அறைகளுக்கு வெளியே பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகளைத் தவறவிடாதீர்கள். கல்வெட்டுகள் இவற்றைப் ‘போடி’ என்கின்றன. மழைநீரைச் சிறு வாய்க்கால் வெட்டி இதற்குள் இறக்கியிருக்கிறார்கள். கல்யாண், சோபாரா என்ற பழைய துறைமுக ஊர்களின் வணிகர்கள் கொடுத்த கொடைகளில் இவையும் உண்டு. மலை உச்சியில் ஆண்டு முழுதும் பிக்குகள் வாழ முடிந்தது இந்தத் தண்ணீரால்தான். அதில் பாட்டில் போடாதீர்கள், காலும் கழுவாதீர்கள். குடிக்க ஆளுக்கு 2 லிட்டர் கீழிருந்தே கொண்டுவாருங்கள். சாப்பாட்டைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பறித்துவிடும், முதுகுப் பைக்குள் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறைப் படிகளில் பாசி பிடித்திருக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும், பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள்.