சுறாவை ஒழுங்காகக் காட்டவே இல்லை, ஆனாலும் தூக்கம் போய்விட்டது: ஓப்பன் வாட்டர் படம் உங்களுக்கு எப்படி இருந்தது?

சத்துவாச்சாரி மொட்டைமாடி:

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, நண்பன் கொண்டுவந்த புரொஜெக்டரில் 2003-இல் வந்த ஓப்பன் வாட்டர் படத்தைப் பார்த்தோம். வேலூர் வெயிலில் சூடேறிய வீட்டுக்குள் படுக்க முடியாது, எப்படியும் மாடிதான், அதனால் ஏதாவது கடல் படம் போடலாம் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஆறு பேர் பார்த்தோம். நாலு பேருக்குப் பிடிக்கவில்லை. ஒருவன் பாதியிலேயே தூங்கிவிட்டான், இன்னொருவன் "இன்னாடா இது, ரெண்டு பேரும் மிதந்துகினே இருக்காங்க, சுறா எப்பதான் வரும்" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

எனக்கு அப்படி இல்லை. சுற்றுலாப் படகில் போய்க் கடலுக்கடியில் நீந்த இறங்கிய கணவன் மனைவி இருவரும் மேலே வந்து பார்க்கும்போது படகு இல்லை, நாலு பக்கமும் தண்ணீர், அவ்வளவுதான், அந்த இடத்திலேயே என் வயிறு பிசைய ஆரம்பித்துவிட்டது. அப்புறம் ராத்திரி புயல் காட்சி. திரை முழுக்க இருட்டு, மின்னல் அடிக்கும்போது மட்டும் ஒரு நொடி முகம் தெரிகிறது, மறுபடி இருட்டு. மாடியில் சுற்றிலும் தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தும் எனக்குக் கைகால் சில்லிட்டது. அன்றைக்கு ராத்திரி இரண்டு மணி வரை தூங்கவில்லை.

நான் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவன் இல்லை. பாலாறு என்றாலே எனக்கு மணல்தான் ஞாபகம் வரும், 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் வந்ததைப் பார்த்தபோதுதான் இது நிஜமாகவே ஆறு என்று நம்பினேன். அதனால் எனக்கு மட்டும் இந்தப் படம் இப்படி இருக்கிறதா, இல்லை உண்மையிலேயே நல்ல படமா என்று தெரிந்துகொள்ள ஆசை. பணம் இல்லாததால் சுறாவைக் காட்டாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறான் என் நண்பன். பணம் இல்லாததால்தான் படமே நன்றாக வந்திருக்கிறது என்பது என் எண்ணம். பார்த்தவர்கள் மனதில் பட்டதை எழுதுங்கள். பார்க்காதவர்கள் கீழே படிக்க வேண்டாம், முடிவைப் பற்றியும் பேச்சு வரும்.

---

குடியாத்தம் தறி:

நான் உங்கள் நண்பன் பக்கம். படம் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் கூட, ஆனால் எனக்கு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தது போல இருந்தது. முதல் பகுதி முழுக்க அவர்கள் போனில் பேசுவது, ஓட்டல் அறை, கார், வேலை டென்ஷன். இதெல்லாம் வேண்டும்தான், அந்த இரண்டு பேர் மேல் நமக்கு அக்கறை வர வேண்டும் இல்லையா, ஆனால் எனக்கு அக்கறை வரவில்லை. தண்ணீரில் மாட்டிய பிறகு நீதான் காரணம், நான் பனிச்சறுக்குக்குத்தான் போகலாம் என்று சொன்னேன் என்று அவர்கள் சண்டை போடும் இடத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

கம்மி செலவில் எடுத்தார்கள் என்பதற்காகப் பார்க்கிறவன் சலுகை தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. டிக்கெட் விலை எல்லாப் படத்துக்கும் ஒன்றுதான். 2017-இல் வந்த 47 மீட்டர்ஸ் டவுன் படத்தையும் பாருங்கள், அதுவும் பெரிய செலவில் எடுத்தது இல்லை, சுமார் 55 லட்சம் டாலர்தான், பெரிய நிறுவனங்களுக்கு அது கைச்செலவு. சுறாவைப் பார்க்கக் கடலில் இறக்கிய கூண்டுக்குள் அக்கா தங்கை இருவர், மேலே போகும் கம்பி வடம் அறுந்துவிடுகிறது, சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு நிமிடமும் என்ன செய்வது என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும், நாமும் கூடவே யோசிக்கிறோம். ஓப்பன் வாட்டரில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. மிதக்கிறார்கள், பிறகு சாகிறார்கள். அதில் கதை எங்கே இருக்கிறது என்று புரியவில்லை. தப்பாக நினைக்க வேண்டாம், நீங்கள் பயந்தது நிஜம்தான், அதை நான் மறுக்கவில்லை.

---

ராணிப்பேட்டை வீடியோ:

இருபது வருடத்துக்கும் மேலாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தை எடுத்த கிறிஸ் கென்டிஸும் அவர் மனைவி லாரா லாவும் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகும் ஸ்கூபா நீச்சல் தெரிந்தவர்கள். சொந்தப் பணம், சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் டாலர், அன்றைய கணக்கில் நம் ஊர் 60 லட்சம் ரூபாய் அளவு. சனி ஞாயிறும் விடுமுறை நாளும் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தார்கள். கேமராவைப் பிடித்தவர்களும் பெரும்பாலும் இவர்கள் இருவரே. அந்தக் கேமரா சோனி பிடி 150 வகை. அந்தக் காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், அதன் தம்பியான பிடி 170-இல்தான் நாங்கள் பாதி மாவட்டத்துக்குக் கல்யாணம் எடுத்தோம். படம் பார்க்கும்போது எனக்கு முதலில் தெரிந்தது அதுதான். வெயிலில் வெள்ளை எரிந்துபோவது, நிழலில் புள்ளி புள்ளியாக வருவது எல்லாம் அப்படியே அந்தக் கேமராவின் முகம். அதனால்தான் அது சினிமா மாதிரி இல்லாமல் யாரோ வீட்டு ஆள் சுற்றுலாவில் எடுத்த கேசட் மாதிரி இருக்கிறது. குடியாத்தத்துக்காரர் இதைக் குறையாக நினைக்கலாம், ஆனால் மொட்டைமாடித் தம்பியின் வயிற்றைப் பிசைந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன். இது நடந்ததை எடுத்தது என்று நம் கண் நம்பிவிடுகிறது.

இன்னொன்று, கேமரா எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் தண்ணீர் மட்டத்தில், மிதப்பவரின் கண் உயரத்தில். அலை ஒன்று எழுந்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பெரிய பட்ஜெட் என்றால் உடனே மேலே ஹெலிகாப்டர் ஷாட் போட்டு, கீழே கறுப்பு நிழல் வருவதைக் காட்டிவிடுவார்கள்.

சுறாவை ஒழுங்காகக் காட்டவில்லை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் வருவது கம்ப்யூட்டர் சுறா இல்லை, ரப்பர் பொம்மையும் இல்லை, எல்லாம் உயிருள்ள சுறா. பஹாமாஸ் கடலில் பழக்கமானவர்களை வைத்துக்கொண்டு, ரத்தம் வழியும் சூரை மீன் துண்டுகளை வீசி வரவழைத்து, நடிகர்கள் இருவரையும் நடுவில் விட்டு எடுத்தது. அந்த அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் துடுப்பு ஒன்று எழுந்து மறைகிறதே, அதற்கு அவர் முகம் போகிற போக்கை எந்த நடிப்புப் பயிற்சியும் தராது.

ஜாஸ் படத்திலும் இதேதான் நடந்தது. 1975-இல் அவர்களிடம் பணம் இருந்தது, எந்திரச் சுறா இருந்தது, ஆனால் உப்புத் தண்ணீரில் அது அடிக்கடி பழுதாகி நின்றது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. வேறு வழியில்லாமல்தான் சுறாவை மறைத்து மறைத்து எடுத்தார்கள். ஓப்பன் வாட்டரை அமெரிக்காவில் 2004 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டபோது லயன்ஸ்கேட் என்ற பட நிறுவனம் 25 லட்சம் டாலருக்கு வாங்கியது, உலகம் முழுக்க 5 கோடி டாலருக்கு மேல் வசூல். போட்ட பணத்தோடு வைத்துப் பாருங்கள்.

---

நாகை டு வேலூர்:

நான் நாகப்பட்டினம் பக்கம், அப்பா கடலுக்குப் போகிறவர். எட்டு வருடமாக வேலூரில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இந்தப் படத்தை விடுதியில் தோழிகளோடு பார்த்தேன். அவர்கள் எல்லோரும் சுறாவுக்குப் பயந்தார்கள், நான் பயந்த இடம் வேறு.

படகில் தலை எண்ணுகிறார்களே, அந்த இடம். முகமூடி மறந்துவந்த ஒருவர் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு தாமதமாக மறுபடி இறங்குவார். அந்தக் குழப்பத்தில் இரண்டு தலை கூடுதலாகக் கணக்கில் ஏறிவிடும். எண்ணுகிறவர் கெட்டவர் இல்லை, சோம்பேறியும் இல்லை, எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாகப் படகை எடுக்கச் சொல்கிறார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. எங்கள் வேலையில் ஆபரேஷன் தொடங்கும் முன் ரத்தம் ஒற்றும் மாப், காஸ் துணிகள், ஊசி, கிளாம்ப் எல்லாவற்றையும் எண்ணிப் பலகையில் எழுதுவோம், வயிற்றை மூடும் முன் மறுபடி எண்ணுவோம், கடைசியில் இன்னொரு முறை. ஒருவர் மட்டும் எண்ணக் கூடாது, இரண்டு பேர் சத்தமாகச் சேர்ந்து எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் யார் அவசரப்படுத்தினாலும் மூட விட மாட்டோம். புதிதாக வரும் பிள்ளைகள் ஏன் அக்கா மூன்று தடவை என்று கேட்பார்கள். குறைந்தால் தேடுவோம், சரி. தப்பாக எண்ணியும் கணக்குச் சரியாக வந்துவிட்டால் தேடவே மாட்டோமே, அதற்குத்தான் மூன்று தடவை. அந்தப் படகில் நடந்தது அதுதான். இனிமேல் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

இந்தக் கதைக்கு அடிப்படையாக இருந்த சம்பவம் நிஜம். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் பகுதியில் அமெரிக்கத் தம்பதி ஒன்றை நீச்சல் படகு விட்டுவிட்டு வந்தது. அவர்கள் பைகள் படகிலேயே கிடப்பதைக் கவனிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. உடல்கள் கிடைக்கவே இல்லை, சுறாதான் கொன்றது என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. அதற்குப் பிறகு குவீன்ஸ்லாந்தில் தலை எண்ணும் விதிகளைக் கடுமையாக்கினார்கள்.

குடியாத்தம் அண்ணே, அவர்கள் முடிவெடுக்க ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கடலில் விடப்பட்டவனுக்கு நிஜமாகவே ஒன்றும் இருக்காது. எங்கள் அப்பா சுறாவைப் பற்றிப் பயந்து பேசி நான் கேட்டதில்லை, பால்சுறா வலையில் வந்தால் வீட்டில் புட்டு, குழந்தை பெற்றவர்களுக்குத் தனியாக எடுத்து வைப்பார்கள். அவர் பயப்படுவது நீரோட்டத்துக்கு. கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் போவதற்கு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும், தாகத்துக்கு உப்புத் தண்ணீர் குடித்தால் இன்னும் மோசம். சுறா ஒன்றுகூட வராமல் இருந்தாலும் அந்த இருவருக்கும் அதிக நேரம் இருந்திருக்காது. கடைசியில் அந்தப் பெண் கணவனின் உடலைத் தண்ணீரில் விட்டுவிட்டு, சிலிண்டரைக் கழற்றிவிட்டு, தானே கீழே போகிறாளே, அதை என்னால் இரண்டாவது முறை பார்க்க முடியாது.

---

ஆற்காடு மக்கன்பேடா:

நான் விலங்கியல் படித்தவன், ஒரே ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன். டிவியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் போடும் தமிழ் டப்பிங் சுறாப் படங்களில் சுறா புலி மாதிரி உறுமும். சுறாவுக்குக் குரல் எழுப்பும் உறுப்பே கிடையாது. சத்தமில்லாமல் வரும், அதுதான் அதன் இயல்பு, ஓப்பன் வாட்டரில் அது அப்படியே வருகிறது. மூக்குப் பகுதியில் இருக்கும் சிறு துளைகளால் மற்ற உயிர்களின் தசை அசைவில் உண்டாகும் மிக மெல்லிய மின்சாரத்தைக்கூட உணரும். அவர்களைச் சுற்றிச் சுற்றி வருவது, லேசாக இடித்துப் பார்ப்பது, விலகிப் போவது, மறுபடி வருவது, இதெல்லாம் நிஜ நடத்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் இந்த வகைப் படங்கள் எல்லாவற்றின் மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உலகம் முழுக்க ஒரு வருடத்தில் சுறா கடித்து இறப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மனிதன் கொல்லும் சுறாக்கள் வருடத்துக்குச் சுமார் 10 கோடி என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஜாஸ் நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியே பிற்காலத்தில் சுறாக்களைக் காப்பாற்றத்தான் பாடுபட்டார். நம் நாட்டில் 2001-இல் திமிங்கலச் சுறாவைப் பிடிப்பதைத் தடை செய்தார்கள், அது யாரையும் கடிக்காது, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கடலில் மிதக்கும் மிகச் சிறிய உயிரிகளையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்கிறது. படத்தை ரசியுங்கள், நானும் ரசித்தேன், குழந்தைகளோடு பார்த்தால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

---

குடியாத்தம் தறி:

நர்ஸ் அம்மா எழுதியதைப் படித்த பிறகு அந்தத் தலை எண்ணும் இடத்தை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் தடவை நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல, முகமூடி விஷயத்தைக் கவனிக்கவே இல்லை. அந்தக் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். முதல் இருபது நிமிடம் இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீடியோ அண்ணனுக்கு ஒரு செய்தி: 47 மீட்டர்ஸ் டவுனில் பெரும்பகுதி கடலே இல்லை, இங்கிலாந்தில் ஒரு தொட்டியில் எடுத்தது. தண்ணீர் நிஜக் கடல் மாதிரி கலங்கலாகத் தெரிய ப்ரோக்கோலியைப் பொடியாக நறுக்கிப் போட்டார்களாம். பணம் குறைவாக இருக்கும்போது இப்படி யோசிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

---

சத்துவாச்சாரி மொட்டைமாடி:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக அக்காவுக்கும் வீடியோ அண்ணனுக்கும். தூங்கிவிட்ட நண்பனுக்கு இந்த நாலு பேர் எழுதியதையும் அனுப்பினேன். வருகிற சனிக்கிழமை மறுபடி போடலாம், இந்த முறை ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்து, நடுவில் யாரும் எழுந்து டீ போடப் போகாமல் பார்க்கலாம் என்கிறான்.

ஒரு கேள்வி. இதே மாதிரி நிஜச் சுறாவை வைத்து எடுத்த வேறு படம் இருக்கிறதா? கம்ப்யூட்டர் சுறா வேண்டாம்.

---

ராணிப்பேட்டை வீடியோ:

தி ரீஃப், 2010, ஆஸ்திரேலியப் படம், ஆண்ட்ரூ டிராக்கி எடுத்தது. அதில் வெள்ளைச் சுறாவே நிஜம், தனியாகக் கடலில் படம் பிடித்து நடிகர்களோடு சேர்த்திருக்கிறார்கள், ஒட்டு எங்கே என்று என் கண்ணுக்கே பல இடத்தில் தெரியவில்லை. படகு கவிழ்ந்து, தீவை நோக்கி நீந்துவதா, கவிழ்ந்த படகின் மேலேயே இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டும், அதனால் குடியாத்தத்துக்காரருக்கும் பிடிக்கும். சனிக்கிழமை இதை இரண்டாவதாகப் போடுங்கள். வேட்டிக்குப் பதில் வெள்ளை பிளக்ஸின் பின்பக்கத்தைக் கட்டுங்கள் தம்பி, ராத்திரிக் காட்சியில் கறுப்பு இன்னும் நன்றாகத் தெரியும்.