காலி விமானத்தில் கேப்டன் வித்தை காட்டினால் கோ-பைலட் என்ன செய்வது?

புதுச்சிறகு:
வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். போன வாரம் ஒரு ஃபெர்ரி ஃபிளைட், பயணிகள் இல்லை, நானும் கேப்டனும்தான். இறங்கறதுக்குத் திரும்பும்போது, "காலியாத்தானே இருக்கு, எப்படித் திரும்புது பாரு"ன்னு ஆட்டோபைலட்டை எடுத்துட்டு 45 டிகிரி சாய்ச்சார். வழக்கமா 25, 30-ஐத் தாண்ட மாட்டோம். "பேங்க் ஆங்கிள், பேங்க் ஆங்கிள்"னு, சாய்வு அதிகம்னு சொல்ற எச்சரிக்கைக் குரல் கத்திச்சு. அவர் சிரிச்சார். நானும் சிரிச்சு வச்சேன். நல்ல மனுஷன், ஓட்டறதுல கை சுத்தம். கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தா துரோகமா?

உருட்டல்ராஜா:
1955-ல டெக்ஸ் ஜான்ஸ்டன் போயிங்கோட சோதனை ஜெட் டாஷ்-80-ஐ சியாட்டில் ஏரிக்கு மேல முழுசா உருட்டியே காட்டினார். விமானம் தாங்கும் பாஸ்.

ஓய்வுகேப்டன்:
அவர் டெஸ்ட் பைலட். அவரையே முதலாளி கூப்பிட்டு, இனி கூடாதுன்னுட்டார்.

தம்பி, 2004 அக்டோபர் 14, அமெரிக்காவில் பினாக்கிள் ஏர்லைன்ஸோட 3701-ம் ஃபிளைட். அதுவும் காலி விமானம், ரெண்டே பைலட். சிஆர்ஜே-200-ங்கற அந்தச் சின்ன ஜெட்டுக்கு உச்சம் 41,000 அடி, பைலட் பாஷைல 'ஃபோர் டென்' (410). அதைத் தொட்டவங்களுக்குள்ள "ஃபோர் டென் கிளப்"னு ஒரு பெருமை. ஏறினாங்க. வேகம் செத்து, ரெண்டு எஞ்சினும் அணைஞ்சுது, திரும்பப் பத்தவே இல்லை. ஏறினதைவிட என்னை உறுத்துறது வேற. கன்ட்ரோலர்கிட்ட ஒரு எஞ்சின் போச்சுன்னுதான் முதல்ல சொன்னாங்க. ரெண்டும் போச்சுன்னு வாய் திறக்க வெகுநேரம் ஆச்சு. ஜெஃபர்சன் சிட்டியில விழுந்து ரெண்டு பேரும் போனாங்க. உன் சிரிப்பும் அந்த ஜாதிதான்.

1986-ல சோவியத் நாட்டுக் குய்பிஷேவ்ல காக்பிட் ஜன்னலை மூடிட்டு இறக்கறேன்னு ஒரு கேப்டன் பந்தயம் கட்டினார். 70 உயிர். பந்தயத்துக்குப் பக்கத்து சீட்ல ஒரு ஆள் வேணுமே!

எழுது. விமானத்துல இருக்கற பதிவுப்பெட்டி உனக்கு முன்னாடியே எழுதிடுச்சு, டேட்டா பார்க்கிறவங்க கண்ணுல எப்படியும் படும். நானும் ஒருகாலத்துல சாய்ச்சவன்தான். பக்கத்துல இருந்த பொண்ணு சிரிக்கலை, "பேங்க்"னு ஒரு வார்த்தை சொல்லுச்சு. என் கை தானா நிமிர்ந்துச்சு. அவ்வளவுதான் வேலை.

புதுச்சிறகு:
எழுதிட்டேன் சார். கொடுக்கறதுக்கு முன்னாடி அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அன்னிக்கு நீயும்தானே சிரிச்ச?"ன்னார். ஃபாரத்துல அதையும் சேர்த்துட்டேன்.