மறுமொழி: நியூட்ரோஃபிலுக்கு ‘நடுச்சாயவணு’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபிலைத் தமிழில் எப்படி அழைக்கலாம் என்று கேட்கும் இந்த இழையில் இதுவரை மூன்று கருத்துகள் வந்துள்ளன. கோபி ஐயா ‘காவலணு’ என்றும், சேலத்து மருத்துவர் அம்மா ‘சீழணு’ என்றும் முன்மொழிந்துள்ளனர். பள்ளிப் பாடநூல்களில் உள்ள ‘நியூட்ரோஃபில்’ என்ற ஒலிபெயர்ப்பே போதும் என்கிறார் தாராபுரத்து நண்பர். கோவையில் ஆய்வக நுட்பம் பயிலும் மாணவர்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தாருக்கும் தமிழில் குறிப்புகள் எழுதிவருபவன் என்ற முறையில், ‘நடுச்சாயவணு’ என்ற சொல்லை நான் முன்வைக்கிறேன்.

முதலில் ‘காவலணு’. இந்த அணு காக்கிறது என்பதில் ஐயமே இல்லை. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவரின் இரத்தத்தில் வெள்ளை அணுக்களில் ஏறத்தாழ 40 முதல் 70 விழுக்காடு இவையே. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவில் இவற்றை உருவாக்கி அனுப்புகிறது. தோட்டத்தில் நடக்கையில் காலில் வேலிமுள் தைத்தால், அங்குள்ள நுண்குழாய்களின் உட்சுவர் உடனே தன் தன்மையை மாற்றிக்கொள்ள, ஓடும் இரத்தத்தோடு போய்க்கொண்டிருந்த இவ்வணுக்கள் வேகம் குறைந்து, சுவரோரமாக உருண்டு, இறுகப் பற்றி, சுவரணுக்களின் இடுக்கு வழியே பிதுங்கி வெளியேறி, சில மணி நேரத்துக்குள் முள் தைத்த இடத்தில் திரண்டுவிடுகின்றன. வந்தவை கிருமியை விழுங்கி, தம் துகள்களில் உள்ள நொதிகளாலும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்களாலும் கொல்கின்றன. உயிரியலாளர் இலியா மெச்னிகோவ் 1882-இல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திரமீன் இளவுயிரியின் உடலில் ரோஜா முள்ளைச் செருகிவைத்து, அதைச் சுற்றி அணுக்கள் குழுமியதைக் கண்டே அணுவிழுங்கல் கோட்பாட்டைத் தொடங்கினார் என்பதும் குழுவினர் அறிந்ததே.

ஆனால் கிருமியே இல்லாத இடத்திலும் இவை திரள்கின்றன. கவுட் நோயில் கால் பெருவிரல் மூட்டில் படியும் யூரிக் அமிலப் படிகங்களை இவை விழுங்க முயல்வதால்தான் அந்தத் தாங்கவொண்ணா வலியும் வீக்கமும் பெருகுகின்றன. நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு நூற்பாலை. பஞ்சைப் பிரித்துத் தூய்மை செய்யும் ப்ளோரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் வேலை செய்வோர் மூச்சோடு இழுக்கும் பஞ்சுத் தூசியில் பாக்டீரியாக்களின் உறைநச்சு ஒட்டியிருக்கிறது. அந்நச்சு மூச்சுக்குழாய்களுக்குள் இவ்வணுக்களை வரவழைத்து அழற்சியை உண்டாக்குகிறது. வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சு இறுகுவது இந்தப் பஞ்சுத்தூசி நோயின் (பிசினோசிஸ்) அடையாளம். ஆண்டுக்கணக்கில் தூசியில் நின்றவர்களுக்கு மூச்சுத்திணறல் நிலைத்துவிடுவதும் உண்டு. கிருமியின் புரதத்தைச் சிதைக்க இவ்வணுக்கள் வைத்திருக்கும் எலாஸ்டேஸ் நொதியே அளவு மீறினால் நுரையீரலின் மீள்நார்களையும் அரித்துவிடும். புகையிலைப் புகை அந்நொதிக்குத் தடையாக இருக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சினைச் செயலிழக்கச் செய்வதால், புகைப்பவருக்குச் சேதம் மிகுதி. இந்நோய்களை விளக்கும் பாடத்தில் ‘காவலணுக்கள் நுரையீரலை அழிக்கின்றன’ என்று எழுத நேர்ந்தால், சொல்லும் செய்தியும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நிற்கும்.

மருத்துவர் அம்மாவின் ‘சீழணு’ சுருக்கமானது, பார்த்ததைச் சொல்வது. சீழின் பெரும்பகுதி இறந்துபோன இவ்வணுக்களே. சீழுக்கும் கெட்டியான சளிக்கும் வரும் பச்சை நிறங்கூட இவற்றிலுள்ள மயலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் நிறமே. இருந்தும், தாங்கள் பொறுத்தருள வேண்டும், இச்சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. கீமோதெரபி எடுத்துக்கொள்பவருக்கு இவ்வணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1500-க்குக் கீழே இறங்கினால் குறைவு என்கிறோம். 500-க்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்நிலையில் தொற்று வந்தால் சீழ் கட்டாது, புண் சிவக்காது, பல வேளைகளில் காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கும். வீட்டார் அந்தக் காய்ச்சலைப் பொருட்படுத்தி, இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு வரவேண்டும். அவர்கள் கையில் நாம் தரும் குறிப்பில் ‘உங்கள் சீழணுக்கள் குறைந்துள்ளன’ என்றிருந்தால், சீழ் குறைந்தது நல்லதுதானே என்று எடுத்துக்கொள்வார்கள். இப்போது வார்டில் எல்லோரும் ‘கவுண்ட் இறங்கிவிட்டது’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். எது இறங்கியது என்பது அதில் இல்லை என்றாலும், அச்சமூட்டவேண்டிய இடத்தில் அது அச்சமூட்டுகிறது. நாம் ஆக்கும் சொல் அதைவிடக் குறைவாக எச்சரிக்கக்கூடாது.

ஒலிபெயர்ப்பைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ‘நியூட்ரோபீனியா’ என்றால் குறைவு, ‘நியூட்ரோஃபிலியா’ என்றால் மிகை. நேர் எதிரான இரு நிலைகள் காதில் ஏறக்குறைய ஒன்றாக விழுகின்றன, மாணவர்கள் விடைத்தாளில் மாற்றி எழுதுகிறார்கள். போதாக்குறைக்கு நம் ஊர் ஆய்வகச் சீட்டுகள் பலவற்றில் இதே அணு ‘பாலிமார்ஃப்’ என்ற பெயரில் இருக்கிறது.

இனி என் சொல்லுக்கு வருகிறேன். ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரத்தத்தைக் கண்ணாடியில் பூசி, அந்நாளில் துணித்தொழிலுக்காகப் பெருகிவந்த அனிலின் சாயங்களை அதில் ஏற்றிப் பார்த்தார். அமிலச் சாயமான இயோசினை ஏற்றவை ஒரு வகை, காரச் சாயத்தை ஏற்றவை இன்னொரு வகை, இரண்டும் கலந்த நடுநிலைச் சாயத்தை ஏற்றவை மூன்றாம் வகை என அவர் பிரித்த பிரிவுதான் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. ‘எந்தச் சாயம் எதில் ஏறும்’ என்ற கேள்வி திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் அன்றாடம் எழுவது. ஆசிட் டை பட்டிலும் கம்பளியிலும் ஏறும், பருத்தியில் நிற்காது என்பதை அறிந்த பகுதியிலிருந்து வரும் மாணவருக்கு எர்லிக்கின் பிரிவை விளக்க இரண்டு வரி போதும். ஆகவே இயோசினோஃபிலுக்கு அமிலச்சாயவணு, பேசோஃபிலுக்குக் காரச்சாயவணு, நியூட்ரோஃபிலுக்கு நடுச்சாயவணு என மூன்றையும் ஒரே அச்சில் வார்க்கலாம்.

இரத்த அணுக்களைப் பார்க்க ஆய்வகத்தில் பயன்படும் லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்லைடில் இப்பெயர்கள் கண்ணுக்குப் பொருந்தியும் வருகின்றன. எண்ணெய் விட்டு நூறு மடங்கு வில்லையில் பார்த்தால், அமிலச்சாயவணு பருத்த செம்மஞ்சள் துகள்களோடு பளிச்சென்று தெரியும். காரச்சாயவணுவின் கருநீலத் துகள்கள் உட்கருவையே மறைத்திருக்கும். இரண்டுக்கும் இடையே, மெல்லிய இழைகளால் இணைந்த இரண்டு முதல் ஐந்து வரையிலான உட்கரு மடல்களோடு, பூந்தூள் போன்ற வெளிறிய இளஞ்சிவப்புத் துகள்கள் பரவியிருப்பது நடுச்சாயவணு.

‘சாயம் ஏற்பது அதன் வேலையா?’ என்று கேட்கலாம். வேலையைச் சொல்லாததையே நான் இதன் தகுதியாகக் கருதுகிறேன். காப்பதும் கெடுப்பதுமாக இவ்வணுவைப் பற்றிய அறிவு இன்னும் வளர்ந்துவருகிறது. அதில் ஒரு பக்கத்தை மட்டும் பெயரில் பூட்டிவைத்தால் மறுபக்கம் மறைந்துபோகும். ‘சாயணு’ என்று சுருக்கலாமா என ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். சாயம் + அணு என்பதில் மகரம் கெட்டு வகரம் தோன்றுவதே இலக்கணம். ‘சாயணு’ என்றால் சாய்தல் என்ற பொருளும் வந்து புகும். எழுத்தெண்ணிப் பார்த்தால் ‘நியூட்ரோஃபில்’ ஏழெழுத்து, ‘நடுச்சாயவணு’வும் ஏழெழுத்தே.

கூட்டுச்சொற்கள்: நடுச்சாயவணுக் குறைவு, நடுச்சாயவணு மிகை. இவ்வணு தன் டி.என்.ஏ. இழைகளை ஹிஸ்டோன் புரதங்களோடும் நொதிகளோடும் வெளியே வீசிக் கிருமிகளைச் சிக்கவைப்பது 2004-இல் விவரிக்கப்பட்டது. அதை ‘நடுச்சாயவணு வலை’ எனலாம். வலை வீசி மாளும் செயலுக்கு ‘வலையிறப்பு’ என்று எண்ணியுள்ளேன். கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

— கோவையிலிருந்து

*

ஐயா, வணக்கம்.

சீழணுவை நான் விட்டுக்கொடுக்கிறேன். காய்ச்சலோடு வீட்டிலேயே இருந்துவிட்டுத் தாமதமாக வருபவர்களைப் பார்ப்பவள் நான், தாங்கள் கூறிய காரணம் எனக்குப் போதும். ‘வலையிறப்பு’ மட்டும் வேண்டாம். சில வேளைகளில் இவ்வணு வலையை வீசிய பிறகும் இறக்காமல் நகர்ந்து விழுங்கும் வேலையைத் தொடர்வது பின்னர் காட்டப்பட்டுள்ளது. இறப்பைப் பெயரில் வைத்தால் அந்நிலைக்குச் சொல் இல்லாமல் போகும். ‘வலைவீச்சு’ என்று வைத்து, தேவையான இடத்தில் ‘இறப்புசார் வலைவீச்சு’ என்று விரித்துக்கொள்ளலாமே. இவ்வலைகள் இரத்தம் உறைந்து கட்டியாவதற்கும் துணைபோவதால், மருத்துவர்களுக்கு இச்சொல் அடிக்கடி வேண்டியிருக்கும்.

— சேலத்திலிருந்து

*

அம்மா, நன்றி. ‘வலைவீச்சு’ என்றே கொள்வோம், பட்டியலில் திருத்திவிட்டேன். இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. கடும் தொற்றின்போது மஜ்ஜை முதிராத அணுக்களையும், மடல் பிரியாமல் வளைந்த பட்டைபோன்ற உட்கருவோடு, இரத்தத்துக்குள் அனுப்பிவிடுகிறது. ஆய்வகத்தார் இதை ‘லெஃப்ட் ஷிஃப்ட்’ என்கிறார்கள். ‘இடப்பெயர்வு’ என்று சிலர் எழுதுவது அணு இடம்விட்டு இடம் போவதுபோல் ஒலிக்கிறது. ‘இளவணு மிகை’ என்று நான் எழுதிவருகிறேன். முதிராத அமிலச்சாயவணுவையும் அது குறித்துவிடுமோ என்ற தயக்கம் உள்ளது. ஈரோட்டு ஆய்வக நண்பர்கள் எந்தச் சொல் கைக்கு வாகாக இருக்கும் என்று தெரிவித்தால், அதையும் இதே தொகுப்பில் சேர்த்துவிடலாம்.

— கோவையிலிருந்து