மறு: அவுட்லையருக்கு ‘தெறிமதிப்பு’ சரிவருமா?

வணக்கம் அண்ணே,

> ‘விலகல் மதிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, பழகிய சொல்தானே?

பழகிய சொல் என்பதுதான் சிக்கல். திட்டவிலக்கம், சராசரி விலக்கம் என்று எழுதும்போது எல்லா மதிப்புக்கும் ஒரு விலக்கம் உண்டு. நமக்கு வேண்டியது அவுட்லையருக்கு, அதாவது தரவில் மற்ற மதிப்புகளின் கூட்டத்தைவிட்டுத் தெறித்துத் தனியே போய் நிற்கும் ஒன்றிரண்டுக்கான பெயர். அதனால்தான் ‘தெறிமதிப்பு’ என்கிறேன்.

‘பிழைமதிப்பு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார், அதை நான் ஒப்பவே மாட்டேன். 2017 நவம்பர் 4 இரவு இங்கே பினாங்கில் கொட்டிய மழையைப் பார்த்த யாரும் அதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள். ஐமெர்க் செயற்கைக்கோள் மழைத் தரவில் ஒரு கட்டம் 0.1 பாகை, அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நம் தீவே சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும். மற்ற இடமெல்லாம் 60 மில்லிமீட்டருக்குள் இருக்க, கொடிமலைப் பக்கம் ஒரு கட்டம் மட்டும் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்த நிறம் எந்த அளவு என்று படத்தின் ஓரத்தில் காட்டும் நிறப்பட்டை 300 வரை இழுபட்டு, அண்டை மாநிலங்களான கெடாவும் பேராவும் ஒரே நிறமாகிப்போகும். மழை உண்மை, படம்தான் கெட்டது.

தரவு இல்லாத கட்டத்தில் -9999.9 என்று இருக்குமே, அது மதிப்பே இல்லை, வெறும் அடையாளம். வரைவதற்கு முன்பே மறைத்துவிட வேண்டும். அதற்கு ‘வெற்றுக்குறி’ போதும்.

அப்புறம், தெறிமதிப்பைக் கையாளும் செயலுக்கு ‘வெட்டுதல்’ என்று ஒரே சொல்லைப் போட்டால் மூன்று வேலைகள் குழம்பிவிடும். தெறிமதிப்பைத் தரவிலிருந்தே எடுத்துவிடுவது ஒன்று, அதற்கு ‘வெட்டுதல்’ பொருந்தும். இரண்டாவதாக, புள்ளியியலாளர் சார்லஸ் வின்சர் பெயரால் வழங்கும் முறையில் அது எல்லை மதிப்பாக மாற்றி எழுதப்படுகிறது. இதை ‘எல்லைக்கு இழுத்தல்’ எனலாம். மூன்றாவதில் தரவைத் தொடுவதே இல்லை, நிறப்பட்டையை மட்டும் ஓர் அளவில் நிறுத்துகிறோம். பைத்தான் நிரல்மொழியில் எக்ஸ்அரே தொகுப்பின் ‘ரோபஸ்ட்’ தேர்வு 2, 98ஆம் நூற்றுமானங்களில் (மதிப்புகளில் 2, 98 விழுக்காடு கீழே அமையும் அளவுகளில்) நிறுத்துவது இப்படித்தான். இதற்கு ‘நிறவரம்பிடல்’ என்கிறேன். படம் பார்ப்பவர் தரவையே மாற்றிவிட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது, அதனால் இந்தப் பெயரில் ‘நிறம்’ இருந்தே ஆக வேண்டும். வரம்பைத் தாண்டியவை உண்டு என்று காட்ட நிறப்பட்டையின் நுனியில் வரும் முக்கோணத்தை ‘மிகைமுனை’ எனலாம், அதைப் போடாமல் படத்தை வெளியே விடக் கூடாது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெப்பநிலைப் படத்தில் ஒரு கட்டம் மிகவும் தாழ்ந்து நின்றால் அந்தப் பக்க முக்கோணத்தை ‘மிகைமுனை’ என்று சொல்ல முடியாதே, ‘குறைமுனை’ என்று தனியாக வைக்கலாமா அண்ணே?