‘புட் அப்’ (put up) உங்களை எங்கே இடறிவிட்டது?

திருப்பூர் மெர்ச்சன்டைசர்

பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன வருடம் இங்கிலாந்து பையர் ஒருவர் ஒரே ஆர்டருக்கு மூன்று முறை நிறத்தை மாற்றினார். ஒவ்வொரு முறையும் சாயப்பட்டறையில் லேப் டிப் (நிறம் சரியா என்று பார்க்கப் போடும் மாதிரிச் சாயம்) போட்டு, துண்டுத் துணியை அட்டையில் ஒட்டி அனுப்பினோம். கடைசியில் ஒன்றுக்கு ஓகே சொல்லிவிட்டு, ‘தேங்க் யூ ஃபார் புட்டிங் அப் வித் ஆல் தீஸ் சேஞ்சஸ்’ என்று மெயில் போட்டார்.

என் அப்பா தாலுகா ஆபீசில் இருந்தவர். ‘நாளைக்குள்ள ஃபைலைப் புட்டப் பண்ணணும்’ என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். அதனால் எனக்குப் புட் அப் என்றாலே சமர்ப்பிப்பதுதான். எல்லா மாற்றங்களையும் மறுபடி சமர்ப்பிக்கச் சொல்கிறார் என்று நினைத்து, மூன்று நிறத்துக்கும் புதிதாக லேப் டிப் போடச் சொல்லிவிட்டேன். நான்கு நாள் போயிற்று. அவர் எழுதியிருந்ததோ, ‘இத்தனை மாற்றங்களையும் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி’. ராத்திரி கண்விழித்துப் போட்டுக் கொடுத்த பட்டறை அண்ணனிடம் இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

உங்களுக்கும் இந்தச் சொல்லால் ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்

அம்மா, உங்கள் அப்பா சொன்னதில் தப்பே இல்லை. கலெக்டர் ஆபீசில் 32 வருடம் நானும் அதைத்தான் சொன்னேன். தபால் வந்ததும் தன்பதிவேட்டில், அதாவது அவரவர் தபால் கணக்கு நோட்டில் ஏற்றி, குறிப்பு எழுதி, பார்க்க வேண்டிய பக்கங்களில் ஏ, பி என்று ஃப்ளாக் (அடையாளச் சீட்டு) குத்தி அனுப்புவோம். உதவியாளரிடமிருந்து கண்காணிப்பாளர், அவரிடமிருந்து நேர்முக உதவியாளர், அப்புறம் ஆட்சியர் என்று கோப்பு மேலேதான் ஏறும். அந்த ‘அப்’ எங்களுக்கு அப்படித்தான் பொருள்பட்டது. ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. நான் சேர்ந்த காலத்தில் குறிப்பெல்லாம் தமிழில்தான். ஆனாலும் கை ‘சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று எழுதும், வாய் புட்டப் என்றுதான் சொல்லும்.

லீட்ஸ் நர்ஸ்

எனக்கு வேறு மாதிரி. சென்னையில் ஹாஸ்டலில் இருந்தபோது யாரைப் பார்த்தாலும் ‘வேர் ஆர் யூ புட் அப்?’ என்று கேட்பார்கள், எங்கே தங்கியிருக்கிறாய் என்று அர்த்தம். அதே பழக்கத்தில் இங்கே இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்ட சீனியர் நர்ஸிடம் ‘ஐ ஆம் புட் அப் இன் ஹேர்ஹில்ஸ்’ என்றேன். அவர் முகம் மாறியது. மதியம் ஒரு தாளில் வாடகை அறைகளின் விவரத்தைக் கையால் எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். சொந்தமாக இடம் இல்லாமல் யார் வீட்டிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்! இங்கே புட் அப் என்றால் விருந்தாளிக்கு நாலு நாள் படுக்க இடம் கொடுப்பது. நான் ஆறு மாத வாடகையே கட்டியிருந்தேன்.

அந்த ஜனவரிக் குளிரில் என் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனது. அந்த அக்காதான் ‘வீ கேன் புட் யூ அப்’ என்று கூட்டிப்போனார். ஹாலில் இருந்த ஸோஃபாவை இழுத்ததும் படுக்கையாக விரிந்தது. அவருடைய அம்மா அதைத் தட்டிக்காட்டி, அதன் பெயரே ‘புட்-யூ-அப்’ என்றார். இங்கே பழைய ஆட்கள் ஸோஃபா கம் பெட்டை அப்படித்தான் சொல்கிறார்கள். போர்வைக்குள் சுடுதண்ணிப் பை வைத்துக் கொடுத்தார்கள். மூன்று ராத்திரி அதில்தான் தூங்கினேன். அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்கு இனி மறக்காது.

கோவை வியாபாரி

விலை ஏற்றுவதும் புட் அப்தான். ‘தே ஹாவ் புட் அப் த ரென்ட்’ என்று வந்தால் வாடகையை ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்.

விழுப்புரம் டீச்சர்

ஆங்கிலப் பாடம் எடுக்கிறேன். இந்த மாதிரி வினைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்குப் பிடிக்காது. நம் வினையிலிருந்தே ஆரம்பிப்பேன். ‘பார்’ என்றால் கண்ணால் பார்ப்பது. ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்றதும் அது கவனிப்பாகிவிடுகிறது. ‘சாப்பிட்டுப் பார்’ என்றால் ருசி பார்ப்பது. கொள், விடு, பார் எல்லாம் நமக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு செய்கிற வேலையை, அங்கே அப், ஆஃப், வித் செய்கின்றன. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் பயம் பாதி போய்விடும்.

ஒரு பெண் திருச்சியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவள். கட்டுரையில் ‘மை ஆன்ட் புட் அப் மீ’ என்று எழுதியிருந்தாள். மீ, ஹிம், ஹெர் எல்லாம் நடுவில்தான் வரவேண்டும், ‘புட் மீ அப்’ என்று திருத்தினேன். ‘வித் சேர்த்தா என்ன டீச்சர்?’ என்றாள். அப்போது மீ கடைசிக்குப் போய்விடும், அத்தை உன்னைச் சகித்துக்கொண்டாள் என்று அர்த்தம் மாறிவிடும் என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தபடி யோசித்தாள். ‘ரெண்டும் நடந்துச்சு டீச்சர். எங்கம்மா இல்லாத மூணு வருஷமும் என் கோவத்தையெல்லாம் அத்தைதான் தாங்கினாங்க’ என்றாள்.

அந்த வரியை அடித்துவிட்டு, ‘மை ஆன்ட் புட் மீ அப் அண்ட் புட் அப் வித் மீ’ என்று எழுதிக் கொண்டுவந்தாள். அதில் நான் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.