வாளிக்குள் கதைத்த போன்

கிளிநொச்சியிலிருந்து:

கிணற்றடியில் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் வாளிக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் என்னைப் பயமுறுத்தவில்லை. தண்ணீருக்குள் கிடந்தபடியே அது கதைக்கத் தொடங்கியதுதான் பயமுறுத்தியது. 'அமைப்புகள், தொடர்புகள், பேட்டரி நாற்பத்தொரு சதவீதம்' என்று, பேய் பிடித்தது போல. எடுத்துத் துடைத்த பிறகும் ஓயவில்லை. திரையில் நிற்கும் நீர்த்துளியை அது விரலென்று எண்ணிக்கொள்கிறது. நான் தொட்டதையும் துளி தொட்டதையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது.

நனைந்த போனை உடனே அணைக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். பார்வையில்லாதவன் எப்படி அணைப்பது? பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரையில் ஒரு பட்டியல் வரும், அதில் விரலால் தேட வேண்டும். அந்தத் திரைதான் வெறிபிடித்து நிற்கிறதே. பெறாமகளைக் கூப்பிட்டேன். அவளுக்குக் கண் தெரியும், ஆனால் திரையில் இருப்பதை எங்களுக்கு வாசித்துக் காட்டும் டோக்பேக் தெரியாது. ஒரு தரம் தொட்டால் வாசிக்கும், இரண்டு தரம் தட்டினால்தான் வேலை செய்யும் என்பதை யார் அவளுக்குச் சொன்னார்கள்? "தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், அணையவில்லை சித்தப்பா" என்று அழாக்குறையாக நின்றாள். சில நிமிடங்கள் கழித்துத்தான் எனக்கு மூளை வேலை செய்தது. ஒலி கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தேன். டோக்பேக் நின்றது. பிறகு அவள் ஒரே தொடுதலில் அணைத்தாள். இந்தக் குறுக்கு வழி அன்ட்ரொய்ட் போனின் அணுகல் அமைப்பில் முன்பே இயக்கப்பட்டிருக்க வேண்டும். இன்றைக்கே பார்த்துவையுங்கள்.

சிம்மை ஊசியால் தள்ளி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் போனைக் கொண்டுபோய் அரிசிப் பீப்பாய்க்குள் புதைத்துவிட்டாள். வன்னி வீட்டில் அரிசிக்கு என்ன குறை! ஆனால் அரிசிக்குள் வைக்காதீர்கள், அதன் துகள்கள் உள்ளே போய்ச் சேதப்படுத்தும் என்று 2024இல் ஆப்பிள் நிறுவனமே எழுதியிருந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்? மறுநாள் எடுத்தபோது சார்ஜ் துளைக்குள் என் நகத்தில் ஏதோ இடறியது. தவிடு.

எங்கள் கிணற்று நீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற நீர். அதே படிவுதான் போனுக்குள்ளும். ஈரம் காய்ந்தாலும் உப்பு காயாது. அது அங்கேயே இருந்து செம்பை அரிக்கும். கடைக்காரத் தம்பி திறந்து பார்த்துவிட்டு, ஒரு மூலையில் பச்சை பூத்திருக்கிறது என்றார். அல்ககோல் விட்டுத் தூரிகையால் தேய்த்துத் துடைத்தார். வேலையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளக்கம் முழுவதையும் பெறாமகளிடமே சொன்னார். "திரை நன்றாக இருக்கிறது. ஸ்பீக்கரில் கொஞ்சம் கரகரப்பு. அது பரவாயில்லை என்று இவரிடம் சொல்லுங்கள்" என்றார். முன்னால் இருக்கிற என்னிடம் சொல்லச் சொல்லி இன்னொருவருக்குச் சொல்கிறார்! தம்பி, எனக்கு ஸ்பீக்கர்தான் திரை, உன் டிஸ்பிளே உடைந்திருந்தால்கூட நான் கவலைப்பட மாட்டேன் என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. புதிய ஸ்பீக்கர் வர ஒன்பது நாள். அதுவரை சிம் பழைய பட்டன் போனில் கிடந்தது. அது வாய் திறக்காத போன். வங்கியிலிருந்து கடவு எண் வந்தபோது தேநீர்க்கடையில் யாரோ ஒருவர்தான் உரக்க வாசித்துக் காட்டினார். கடை முழுவதும் கேட்டிருக்கும்.

முல்லைத்தீவிலிருந்து:

அண்ணை, உங்களுடையது நல்ல தண்ணீர். என்னுடையது கடல். கரைவலை இழுக்குமிடத்தில் நின்றேன். அலை ஒன்று இடுப்புவரை வந்து போனது, போனும் நனைந்தது. வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரியும், போனுக்கு எரியுமா? 'ஐபி 68, தண்ணீர் புகாது' என்று விற்றார்கள். அந்தச் சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மகன் போனை அணைத்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசிவிட்டான். நனைந்ததைத் திரும்ப நனைக்கிறானே என்று அவனை ஏசினேன். அவன் செய்ததுதான் சரி.

என் வேதனை அதற்குப் பிறகு. இரண்டு நாள் காற்றில் வைத்துவிட்டு, அணைந்த போனில் சார்ஜரைச் செருகினேன். சத்தமில்லை, அதிர்வும் இல்லை. சார்ஜர் பழுதென்று நினைத்து இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "மாமி, திரையில் ஒரு தண்ணீர்த் துளி படம் நிற்கிறது" என்றாள். துளையில் இன்னும் ஈரம் இருக்கிறது, சார்ஜ் ஏற்ற மாட்டேன் என்று அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, படமாக! போன் ஓடிக்கொண்டிருந்தால் அறிவிப்பாக வரும், டோக்பேக் வாசிக்கும். அணைந்து கிடக்கும்போது வெறும் படம்தான். வாங்கிய சார்ஜர் இன்னும் வீட்டில் சும்மா கிடக்கிறது, வேண்டியவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

2018 மார்கழி வெள்ளத்தில் என் போன் நனைந்தது. திரையின் வெளிச்சம் மட்டும் செத்துப்போனது. தொடுகையும் வேலை செய்தது, குரலும் கணீரென்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் எறிந்துவிடச் சொன்னார்கள். ஒன்றரை வருடம் பாவித்தேன். பஸ்ஸில் மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருப்பேன். ஒருமுறை பக்கத்து இருக்கைக்காரர் பொறுக்க முடியாமல், "ஐயா, உங்கள் போன் அணைந்து கிடக்கிறது" என்று மெதுவாகச் சொன்னார். காதில் செருகியிருந்ததைக் கழற்றி அவருடைய காதில் வைத்தேன். அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் மாங்குளம் வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை.

கிளிநொச்சியிலிருந்து:

ஒட்டுசுட்டான் அண்ணை, அந்தப் போன் இன்னும் இருக்கிறதா? என்ன விலையென்றாலும் எடுத்துக்கொள்கிறேன். கடவு எண்ணை யாரும் எட்டிப் பார்க்க முடியாத போன் அது.

ஒட்டுசுட்டானிலிருந்து:

தம்பியின் மகன் கொண்டுபோய்ப் புதுத் திரை போட்டுவிட்டான். இப்போது எல்லோருக்கும் தெரிகிறது.