ரசிகர் எழுதிய சாகசக் கதை: படித்து மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

ஈசூன் வாசகன்:

என் கதையோடு தொடங்கி வைக்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். எங்கள் பேட்டைக் கோப்பிக்கடையில் மாதம் ஒருமுறை கதை பேச உட்காருவோம். அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி போன டிசம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். பொன்னியின் செல்வனுக்குப் பிறகு நடப்பதாக அவரே எழுதிய கடல் சாகசம், 38 அத்தியாயம். கீழே ஒரே ஒரு வரி: ‘அண்ணே, மனசுல பட்டத அப்படியே சொல்லுங்க.’ இந்த வரியை நம்பி உண்மையைச் சொல்லி இரண்டு நண்பர்களை இழந்தவன் நான். பயத்தோடுதான் திறந்தேன்.

கல்கி 1954இல் முடித்த கதையை அன்றிலிருந்து ஆளாளுக்குத் தொடர்ந்துகொண்டிருக்கிறோம். பெரும்பாலும், ஆதித்த கரிகாலனைக் கொன்றவனைப் பிடிக்கிறேன் என்று இறங்குவார்கள், பாதியிலேயே மூச்சு வாங்கும். தம்பி அந்தப் பக்கமே போகவில்லை. நேரே 1025க்குத் தாவிவிட்டார். ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு, அந்தக் கப்பல்களில் ஒன்றில் வந்தியத்தேவன். கணக்குப் போட்டால் 75 வயதாவது இருக்கும். நூலேணியில் ஏறும்போது முட்டி பிடித்துக்கொள்கிறது. பாதியில் நின்றவன், வலியைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, மேலே நிற்கும் மாலுமியிடம் ‘காற்று எப்படி?’ என்று விசாரிக்கிறான். நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

அதைவிட நல்ல இடம் 14ஆம் அத்தியாயம். செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் ஒரு கதை உண்டு, இங்கே பள்ளியில் மலாய் படித்தவர்கள் கேட்டிருக்கலாம். இந்திய அரசன் ஒருவன் சீனத்தின் மேல் படையெடுக்கத் துமாசிக் வரை, அதாவது அந்தக் காலத்துச் சிங்கப்பூர் வரை, வந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட சீனச் சக்கரவர்த்தி, ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் பல் விழுந்த கிழவர்களையும் ஏற்றி அனுப்புவார். சீனம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிழவர்கள், கிளம்பும்போது நாங்கள் சின்னப் பையன்கள், இந்த மரங்கள் அப்போது விதை, இந்த ஊசி கைத்தடிமன் இரும்புக் கம்பி என்பார்கள். அரசன் நம்பித் திரும்பிவிடுவான். தம்பி அந்தக் கப்பலை விசாரிக்க வந்தியத்தேவனை அனுப்புகிறார். இவன் ஒரு கிழவரின் கையைப் பிடித்துப் பார்க்கிறான், உள்ளங்கையில் கயிறு அறுத்த காய்ப்பே இல்லை. ஆயுள் முழுக்கக் கடலில் இருந்த கையா இது? ஏமாற்று என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் அரசனிடம் வந்து, ‘ரொம்ப தூரம்தான், திரும்பிவிடலாம்’ என்கிறான். அவனுக்கு வீட்டுக்குப் போக வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான் காரணம். இதை ரயிலில் படித்துக்கொண்டே வந்து ஈசூனைக் கோட்டைவிட்டு செம்பவாங்கில் இறங்கினேன்.

சரி, இப்போது வசவு. 20ஆம் அத்தியாயத்திலிருந்து தம்பிக்கு மூலக்கதை மேல் இருக்கும் பாசம் பொங்கி வழிகிறது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கப்பலில் ஏறுகிறார்கள். ஆழ்வார்க்கடியான் கடாரத்தில் சாமியாராக உட்கார்ந்திருக்கிறான், பூங்குழலி எங்கிருந்தோ படகு வலித்துக்கொண்டு வருகிறாள். யாருக்கும் அங்கே வேலை இல்லை, வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள், கல்யாண வீட்டு வரவேற்பு மாதிரி. ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் அலறலோடு முடிகிறது, அடுத்ததில் பார்த்தால் ஆந்தை. முட்டி வலித்த மனிதர் வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு பாய்மர உச்சியிலிருந்து குதிக்கிறார்! துமாசிக் கரையில் சோழ வீரர்கள் காய்ந்த மிளகாய் போட்டு மீன்குழம்பு வைக்கிறார்கள். போர்த்துக்கீசியர் மிளகாயை இந்தப் பக்கம் கொண்டுவர இன்னும் ஐந்நூறு வருடம் ஆகும். கடைசியில் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்துப் பாறையில் வந்தியத்தேவன் எட்டு வரி வெண்பா வெட்டிவைக்கிறான். வெண்பா தளை தட்டுகிறது என்பது வேறு விஷயம்.

நேரில் சொன்னேன். கோப்பி ஆறும் வரை தம்பி பேசவில்லை. நான் மெதுவாக, ‘முட்டி வலிச்ச ஆளு எங்கே போனாரு?’ என்றேன். ‘அது எங்க தாத்தாண்ணே’ என்றார். ப்ளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத காலத்தில், தாத்தா படியில் பாதியில் நின்றுகொண்டு எதிரே வருபவர்களிடம் மழை வருமா என்று கேட்பாராம்.

முன்னாள் கப்பல்காரன்:

அந்தப் பிடிஎஃப் எனக்கும் வந்தது. கப்பல் கிளம்பும் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொங்கல் முடிந்த மறுநாள் நாகப்பட்டினத்தில் பாய் விரிக்கிறார்கள். தை மாதம் வடகிழக்குப் பருவக்காற்று மூஞ்சியில் அடிக்குமே ஐயா! கிழக்கே வர வேண்டுமானால் தென்மேற்குக் காற்று தொடங்கி ஆனி, ஆடிவாக்கில் கிளம்ப வேண்டும், ஊர் திரும்பத்தான் மார்கழி, தை. பாய்மரக் கப்பலை நம்பிப் பிழைத்தவன் யாரும் இதை மாற்றிச் செய்திருக்க மாட்டான். இதில் எட்டே நாளில் கடாரம் வேறு. நான் பார்த்தது இயந்திரக் கப்பல்தான், இருந்தாலும் காற்று காற்றுதான்.

தெம்பனீஸ் அக்கா:

நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து பிள்ளையை எழுதவிடாமல் செய்துவிடுவீர்கள் போலிருக்கிறதே. என் மகனுக்கு 13 வயது, தமிழ்ப் புத்தகத்தைத் தொடமாட்டான். இந்தக் கதையை நான் சத்தமாகப் படித்தேன், பாய்மரத்திலிருந்து குதிக்கும் இடத்தில்தான் கைபேசியைக் கீழே வைத்தான். கிழவர் கப்பல் அவனுக்குப் புரியவே இல்லை. அந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று நச்சரித்ததால் தேசிய அரும்பொருளகத்துக்குக் கூட்டிப்போனேன். மூன்று மீட்டர் உயரப் பாறை, ஐம்பது வரி போல எழுத்து இருந்ததாம், 1843இல் ஆற்று வாயை அகலப்படுத்த வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள், மிச்சம் இருக்கும் துண்டை இன்றுவரை யாராலும் முழுதாகப் படிக்க முடியவில்லை. மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, ‘இதுல வெண்பா எங்கம்மா?’ என்றான். அந்த வெண்பாவை மட்டும் தம்பி எடுத்துவிடட்டும், பதில் சொல்லி மாளவில்லை.

ஈசூன் வாசகன்:

நேற்று புதுப் பிரதி வந்தது. கப்பல் ஆனியில் கிளம்புகிறது, மீன்குழம்பில் மிளகு. பூங்குழலி இல்லை, ஆழ்வார்க்கடியான் மட்டும் நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறான். பாறையில் எட்டு வரிக்குப் பதில் வந்தியத்தேவன் ஒரு கோடு மட்டும் கிழிக்கிறான், உளி வழுக்கிவிடுகிறது. அக்கா, பாய்மரக் குதிப்பு அப்படியே இருக்கிறது. குதித்த பிறகு மூன்று நாள் படுத்த படுக்கை.